வட்டாரக் கணக்குப் போட்டிக்குச் சிறப்புத் தீர்வுப் பரிசு வேணுமுங்களா?

கோபி_கணக்கு:
கோபி, பவானி, பெருந்துறைப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தற எழுத்துப் போட்டியில ஒரு மாத்தம் கேட்கறேனுங்க. ஆறு கணக்கு, கணக்குக்கு 7 மார்க், மொத்தம் 42. சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில இருக்கற அதே மார்க் முறைதான். முதல் மூணு பரிசும் மொத்த மார்க்குக்கே போகட்டும். ஒரே ஒரு கணக்கை அபாரமாப் போட்ட பிள்ளைக்கு மட்டும் தனியா ஒண்ணு வேணும்.

ஒலிம்பியாட்டில இது உண்டுங்க. 2005ல மெக்சிகோவில மூணாவது கணக்கு ஒரு சமனிலி. மூணு மிகை எண்கள், பெருக்கினா 1க்குக் குறையாது. மூணு பின்னத்தைக் கூட்டினா சுழிக்குக் கீழே போகாதுன்னு காட்டணும். ஒவ்வொரு பின்னத்திலும் மேலே, ஓர் எண்ணோட ஐந்தாம் அடுக்கில இருந்து அதன் வர்க்கத்தைக் கழிச்சது. கீழே, அந்த ஐந்தாம் அடுக்கோட மத்த ரெண்டு எண்ணின் வர்க்கங்களையும் கூட்டினது. கீழே இருக்கற பகுதி மூணும் வேற வேறங்கறதுதான் சிக்கலே. மால்டோவாவின் யூரி பொரெய்க்கோ பகுதியை மட்டும் மாத்தினார்: எண்ணின் கனம் பெருக்கல் மூணு வர்க்கங்களின் கூடுதல். எண் 1க்கு மேலேன்னா தொகுதி மிகை, பகுதி பெருசாகுது, பின்னம் குறையும். 1க்குக் கீழேன்னா தொகுதி குறை, பகுதி சின்னதாகுது, பின்னம் இன்னும் இறங்கும். எப்படிப் போனாலும் இறக்கந்தான், அதனால இறங்கின பின்னங்களோட கூடுதல் சுழிக்குக் கீழே போகலைன்னு காட்டினாப் போதும். கனத்தை அடிச்சுட்டா மூணுக்கும் ஒரே பகுதி. மிச்சம் ரெண்டு வரி. அதுக்குத்தான் அவருக்குச் சிறப்புப் பரிசு. முக்கி முக்கி விரிச்சுப் போட்டவனுக்கும் 7 மார்க், இவருக்கும் 7 மார்க்னு விட்டிருந்தா இந்த யோசனைக்கு என்னங்க மரியாதை?

நொய்யல்வாசி:
அழகான கணக்குங்க, மறுக்கலை. ஆனா அழகை யார் அளக்கறது? மார்க்குக்குப் படிநிலைத் திட்டம் இருக்கு: இந்தப் படிக்கு 2, அந்தப் படிக்கு 3. அபாரத்துக்குத் திட்டம் எழுத முடியாது.

இன்னொண்ணு. 1988 ஆஸ்திரேலிய ஒலிம்பியாட்டில ஆறாவது கணக்கு: ரெண்டு மிகை முழு எண்ணின் வர்க்கங்களைக் கூட்டினது, அவற்றின் பெருக்கலோட ஒண்ணு கூட்டினதால மீதியில்லாம வகுபட்டா, ஈவு முழு வர்க்கம். 11 பேர்தான் முழுசாப் போட்டாங்க. பல்கேரியாவின் அதனாசோவுக்குச் சிறப்புப் பரிசு. அதே வருஷம் தங்கம் வாங்கி, பின்னாடி பெரிய கணித மேதையான டெரன்ஸ் டாவோவுக்கே அதில 1 மார்க்குத்தான். இன்னைக்கு அதைத் தீர்க்கிற வழி 'வியட்டா ஜம்பிங்'னு கோச்சிங் நோட்டில பேர் போட்டே இருக்கு. டியூசன்ல பார்த்துட்டு வந்த பையன் எழுதினா திருத்தறவர் மலைச்சுப்போய்ப் பரிசு கொடுத்துடுவார். கிராமத்துப் பள்ளிப் பிள்ளை சொந்தமா யோசிச்சு நாலு பக்கம் எழுதினதுக்கு ஒண்ணுமில்லை. காசு உள்ளவனுக்குக் கூடுதலா ஒரு பரிசு, அவ்வளவுதான்.

காலிங்கராயன்_கரை:
ஈரோட்டு மண்டியில விரலியையும் கிழங்கையும் ஒரே லாட்டில வெச்சு ஏலம் விடறதில்லீங்க. ரெண்டும் மஞ்சள்தான், விலை வேற. மொத்த மார்க் ஒரு லாட், ஒரு கணக்கின் யோசனை இன்னொரு லாட்.

நம்ம பிள்ளைகள் எழுதற ஐஓக்யூஎம், அதாவது இந்திய ஒலிம்பியாட்டுக்கான முதல் கட்டத் தகுதித் தேர்வில, 30 கேள்வி, 3 மணி நேரம். விடை ரெண்டு இலக்க எண், ஓஎம்ஆரில வட்டம் போட்டா முடிஞ்சது. நிறுவலே எழுத வேண்டியதில்லை. அடுத்த கட்டமான ஆர்எம்ஓ வட்டாரத் தேர்விலயும், அதுக்கப்புறம் ஐஎன்எம்ஓ தேசியத் தேர்விலயும் முழு நிறுவல் கேட்கறாங்க, அங்கதான் தடுமாறுது. எழுத்துக்குன்னு ஒரு பரிசு இங்கயே இருந்தா எழுதிப் பழகும்.

நொய்யல்வாசி:
எழுத்துப் பழக்கம் வேணும்னா நிறுவலுக்கு மார்க்கைக் கூட்டுங்க. தனிப் பரிசு எதுக்கு? பெரிய இடத்திலயே பாருங்க. ஆண்ட்ரூ வைல்ஸ் 1993ல ஃபெர்மா கடைசித் தேற்றத்தை நிறுவிட்டதா அறிவிச்சு, அதில ஓட்டை தெரிஞ்சு, 1994ல அடைச்சார். அதுக்குள்ள 40 தாண்டிட்டார், 40 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் தர்ற ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடையாது. 1998 பெர்லின் உலகக் கணித மாநாட்டில வெள்ளித் தகடு செஞ்சு கொடுத்தாங்க. விதி சரியில்லாததால வந்த ஒட்டு வேலைங்க அது. 2010ல, பொயன்கரே அனுமானத்தை நிறுவின ரஷ்யர் பெரல்மன் பத்து லட்சம் டாலர் பரிசை வேண்டாம்னப்போ, அதுக்கு முன்னாடி வழி போட்டுக் கொடுத்த ஹாமில்டனோட பங்கும் தன் பங்குக்குக் குறைஞ்சதில்லைன்னு சொன்னார். ஒருத்தரைத் தனியாத் தூக்கி வெச்சா இந்தக் கேள்வி வந்தே தீரும்.

கோபி_கணக்கு:
வைல்ஸுக்கு விதியையும் உடைக்கலை, வேலையையும் கண்டுக்காம விடலை. எனக்கு அது ஒட்டு வேலையாத் தெரியலை, சரியாத்தான் செஞ்சிருக்காங்க.

டியூசன் விஷயம் நியாயமான பயம். அதுக்கு வழி இருக்குங்க. தாளைப் பள்ளிவாரியாப் பிரிக்காம, கணக்குவாரியாத் திருத்தணும்: ஒரு கணக்குக்கு ரெண்டு பேர், எல்லாத் தாளிலும் அந்தக் கணக்கை மட்டும். பேரை மடிச்சு ஒட்டிடணும். ரெண்டு பேரும் தனித்தனியா 7 போட்ட தாள்தான் பரிந்துரைக்குப் போகும். அழகா ஆரம்பிச்சு நடுவில விட்டது போகாது. அதே யோசனை மூணு தாளில வந்தா அது யாரோ நடத்தின பாடம், விட்டுடலாம். ஒரு தாளில மட்டும் வந்தா மூணாவது ஆள் பார்த்து, யோசனை எந்த வரியில இருக்குன்னு அடிக்கோடு போடணும். போட முடியலைன்னா பரிசு இல்லை. கடைசியா அந்தப் பிள்ளை கரும்பலகையில அஞ்சு நிமிஷம் விளக்கணும். மனப்பாடம்னா "இதை ஏன் இப்படி மாத்தினே?"ன்னு கேட்டதுமே தெரிஞ்சுடும்.

நொய்யல்வாசி:
இதெல்லாம் செஞ்சா என் எதிர்ப்பில பாதி போயிடும். மிச்சப் பாதி: வருஷா வருஷம் யாருக்காவது கொடுத்தே ஆகணும்னு வந்துடும். கேடயம் அடிச்சு வெச்சுட்டா, வாங்க ஆள் தேடுவாங்க.

காலிங்கராயன்_கரை:
ஒலிம்பியாட்டில 1995ல நிகோலோவுக்கு, அப்புறம் பத்து வருஷம் கழிச்சு 2005லதான் பொரெய்க்கோவுக்கு. நடுவில யாருக்கும் இல்லை. கேடயம் முன்கூட்டி அடிக்க வேண்டாம். அழைப்பிதழில பேரும் போட வேண்டாம். விதித்தாளில மட்டும் "தகுதியான தீர்வு இருந்தால்"னு ஒரு வரி.

நொய்யல்வாசி:
அந்த வரி இருந்தா ஒத்துக்கறேனுங்க. கூட ஒண்ணு: ஆறில ரெண்டு கணக்காவது ரெண்டு மூணு வழியில போடற மாதிரி இருக்கணும். ஒரே வழிக் கணக்கை வெச்சுட்டு அபாரத்தைத் தேடினா எங்கிருந்து வரும்? வடிவியல் ஒண்ணு, எண்ணியல் ஒண்ணு நான் எழுதித் தர்றேன். திருத்தறதுக்குக் கணக்குக்கு ரெண்டு பேர்னா பன்னண்டு பேர் வேணும். பவானிப் பக்கம் எத்தனை பேர் வருவாங்கன்னு சொல்லுங்க.