மறுமொழி: குறைபட்ட கப்பல் வரைபடத்தை முழுமையாக்கி வரைவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கப்பல் வரைபடத்தின் நகலில் விடுபட்ட பகுதிகளை நிரப்பி வரைந்த தாளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு வந்த ஒரு பரிந்துரை:

> "மீட்டுருவாக்க வரைபடம் என்றே வைத்துவிடலாமே, புழக்கத்தில் உள்ள சொல்தானே?"

உடைந்த பானைக்கு அந்தச் சொல் சரி. பானை ஒரு காலத்தில் முழுதாக இருந்தது, அதை மீட்கிறோம். நான் வரைந்துகொண்டிருப்பது ஆர்கஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் முதல் வடிவம். அப்படி ஒரு கப்பல் கடலில் மிதந்ததே இல்லை.

1914-இல் இத்தாலியப் பயணிகள் கப்பலாக ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் கட்டத் தொடங்கினார்கள். போர் வந்ததும் வேலை நின்றது. 1916-இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கி விமானந்தாங்கியாக மாற்றியது. முதல் திட்டப்படி ஓடுதளத்தின் இரு பக்கமும் புகைபோக்கியுடன் ஒவ்வொரு மேற்கட்டுமானம். இரண்டையும் இணைக்கும் சட்டகம். அதன்மேல் கப்பல் தலைவர் நிற்கும் மேடை. விமானம் அதற்கு அடியில் புகுந்து போக 20 அடி உயரம் விட்டிருந்தார்கள். பியூரியஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் நடந்த சோதனைகளில், மேற்கட்டுமானத்தைச் சுற்றிச் சுழலும் காற்று இறங்கும் விமானத்தைப் படுத்தும் பாடு தெரிந்தது. 1918 ஏப்ரலில் இரண்டையும் எடுத்துவிட உத்தரவு வந்தது. செப்டம்பரில் படையில் சேர்ந்தபோது மேலே தட்டையான தளம் மட்டுமே. புகையைத் தளத்துக்கு அடியிலேயே கொண்டுபோய்ப் பின்புறம் வெளியேற்றினார்கள்.

ஆக, கட்டப்படாத ஒன்றில் எதை மீட்பது?

"ஊக வரைபடம்" என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. என் தாளில் ஊகம் கொஞ்சம்தான். அந்த 20 அடி ஊகம் இல்லை. உடற்பகுதியின் வளைவும் ஊகம் இல்லை. என்னிடம் உள்ள நகலில் மற்றக் குறுக்குவெட்டுகள் தெளிவாக இருக்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. மெல்லிய மரப்பட்டியை இருபுறமும் உள்ள குறுக்குவெட்டுகளின் புள்ளிகள் வழியாக வளைத்து, நகராமல் ஈயக்கட்டி வைத்தால், நடுப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்று பட்டியே காட்டிவிடுகிறது. இழுத்துப் பிடித்து வேறு இடத்தில் வைத்தால் வளைவு முண்டும், விரலால் தடவினாலே தெரியும். இதைப் போய் ஊகம் என்று எப்படிச் சொல்வது? மேற்கட்டுமானத்தின் சன்னல்கள் எத்தனை என்பதுதான் உண்மையான ஊகம்.

பாடநூலில் இதற்கு "இடைச்செருகல்" என்று இருக்கிறது. கணக்கில் சரி. ஆனால் ஏடு படித்தவர்கள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்; பழைய நூலில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த அடிகளை அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம், புறநானூற்றை நினைத்துப் பாருங்கள். 267, 268 பாடல்கள் கிடைக்கவில்லை, எண் மட்டும் நிற்கிறது. சிதைந்த அடிகளுக்குப் புள்ளி வைத்தார்கள், யாரும் தாமே பாடி நிரப்பவில்லை. பாட்டில் அந்த இடைவெளியைத் தாங்கலாம். கப்பலின் உடலில் ஓட்டை விட்டு வரைய முடியாது, நிரப்பித்தான் ஆக வேண்டும். எதை நிரப்பினோம் என்பது மட்டும் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

எனவே "நிரப்பு வரைபடம்" என்று முன்வைக்கிறேன். நிரப்புக்கோணம் பள்ளியிலேயே படித்ததுதான்: செங்கோணத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு. இதோடு இரண்டு துணைச் சொற்களும் வேண்டும். மூலத்தில் இருப்பது மூலக்கோடு, முழுக்கோடாக வரைவோம். வரைபவர் சேர்ப்பது நிரப்புக்கோடு, துண்டுதுண்டான கோடாக வரைவோம். எனக்கு இந்த இணைதான் முக்கியம். தாளின் பெயர் வேறாக அமைந்தாலும் இவை இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பட்டி காட்டிய வளைவையும் நானாகப் போட்ட சன்னலையும் ஒரே நிரப்புக்கோடாக வரைவது நியாயமாகப் படவில்லை. சன்னலுக்கு மட்டும் "ஊகக்கோடு" என்று மூன்றாவது ஒன்று வைக்கலாமா? பொறியியல் வரைபடங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள். மேற்கட்டுமானம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, உங்கள் பதில் பார்த்த பிறகு மை போடுகிறேன்.