சைக்கிள் பின் டயரில் காற்று நிற்கவில்லை, அவசரம்

மேட்டுத்தெரு:
பஞ்சர் ஒட்டிக் காற்றடித்து வைத்தால் மறுநாள் காலையில் டயர் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. கடையிலும் ஒட்டியாயிற்று, நானும் ஒட்டிப் பார்த்துவிட்டேன். திங்கள்கிழமை மகள் பள்ளிக்கு இதில்தான் போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

வயல்வரப்பு:
டயர் அளவு என்ன? பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். வால்வு எது? உள்ளே வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வகையா, மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்றதா?

கரிசல்காடு:
அளவெல்லாம் எதற்கு? முள்தான். சீமைக்கருவேல முள் குத்தினால் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். கடையில் ட்யூபை ஒட்டுவார்கள், டயரைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அதே முள் மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே வாருங்கள், முள் இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவ வேண்டாம், கிழித்துவிடும்.

பழையசங்கிலி:
ஓட்டை எந்தப் பக்கம் என்று சொல்லாமல் உதவி கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? இதைப் பலமுறை இங்கே எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. ட்யூபின் வெளி வளைவில் என்றால் ரோட்டிலிருந்து வந்தது. உள் வளைவில் என்றால் ரிம்மிலிருந்து வந்தது. அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிக் குழியில் இடித்தது. இந்த அடிப்படை தெரியாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ட்யூப் முழுக்க ஒட்டாகிவிடும்.

வயல்வரப்பு:
அண்ணா, பள்ளிக்கூட அவசரம், விடுங்கள். மேட்டுத்தெரு, ஒட்டிய இடத்திலேயே கசிகிறதா, வேறு இடத்திலா? தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். அங்கே குமிழி வந்தால் வால்டியூப் மாற்றினாலே போதும். ஒரு வருடம் ஆனால் அந்த ரப்பர் வெடித்துப்போகும்.

சுண்டெலி77:
ஒட்டுதான் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். சொல்யூஷன் தடவியதும் ஒட்டை வைத்து அழுத்திவிடுகிறார்கள். மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய விட வேண்டும், ஐந்து நிமிடமாவது. அதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்து அந்த வழவழப்பை எடுத்தாக வேண்டும். பழைய ட்யூபை வெட்டிப் போட்ட ஒட்டு என்றால் இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும்.

பழையசங்கிலி:
பழைய ட்யூப் துண்டெல்லாம் ஒட்டே இல்லை. விளிம்பு தடிமனாக நிற்கும், அங்கிருந்துதான் பிரியும். கடையில் விற்கிற ஒட்டில் விளிம்பு மெலிந்து வரும்.

சுண்டெலி77:
எங்கள் தெருக் கடைக்காரர் காலம் காலமாகப் பழைய ட்யூப்தான் போடுகிறார். விளிம்பைக் கத்தரியால் சாய்த்து வெட்டுவார். ஒன்றும் பிரிந்ததில்லை.

பழையசங்கிலி:
பிரிந்தவர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

மேட்டுத்தெரு:
26 இஞ்ச், கியர் இல்லை. வால்டியூப் வகை, குமிழி வரவில்லை. ஒட்டு பிரியவில்லை, பக்கத்தில் புது ஓட்டை. உள் பக்கம்.

வயல்வரப்பு:
உள் பக்கம் என்பதுதான் முக்கியம்! ட்யூபைத் திருப்பாமல், வால்வை அதன் துளைக்கு நேராக வைத்து ரிம்மின் மேல் அப்படியே படுக்க வையுங்கள். ஓட்டைக்கு நேரே ரிம்மில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரிம் டேப் (ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் பட்டை) ஒதுங்கி நிப்பிள் (ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மோடு பிடிக்கும் திருகு) தலை தெரியும், அல்லது ஸ்போக்ஸ் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டியதை அரத்தால் தேய்த்துவிட்டு, எல்லா நிப்பிளையும் மூடுகிற அகலத்தில் புது டேப் போடுங்கள். டயரைத் திரும்ப ஏற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், ட்யூபைக் கடித்துவிடும். ட்யூபில் லேசாகக் காற்று ஏற்றி உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, கையாலேயே அமுக்கி வந்து வால்வு பக்கம் முடியுங்கள். காற்று எவ்வளவு என்பது டயரிலேயே இருக்கும். இந்த அளவில் பெரும்பாலும் 40 முதல் 65 பி.எஸ்.ஐ.

கரிசல்காடு:
எதற்கும் முள்ளையும் பாருங்கள்.

மேட்டுத்தெரு:
டேப் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது, ஒரு கம்பி முனை வெளியே. தேய்த்துப் புது டேப் போட்டேன். இன்று காலையும் காற்று இருக்கிறது. நன்றி.

சுண்டெலி77:
மகிழ்ச்சி. அந்த முதல் ஒட்டு பழைய ட்யூப் துண்டா, கடையில் வாங்கியதா?