ஓடை வறட்சிக் கணக்கில் 140 நிகழ்வுகள்: எங்கே தப்பு?

ஓடைக்கரை:
காட்டுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன ஓடைக்கு 12 ஆண்டு தினசரி நீரோட்டத் தரவு இருக்கு. க்யூ90ஐ வரம்பா வச்சேன், அதாவது பத்துல ஒன்பது நாள் ஓட்டம் இதுக்கு மேல இருக்கும். அதுக்குக் கீழ போன நாளெல்லாம் வறட்சின்னு எண்ணினா 140 நிகழ்வு வருது! பாதிக்கு மேல 1 நாள், 2 நாள்தான். அறிக்கையில போட்டா சிரிப்பாங்க.

பக்கத்துல ஒரு கண்காணிப்புக் கிணறும் இருக்கு. மூன்று மாத மழைக் குறியீடு (எஸ்பிஐ: வழக்கமான மழைன்னா 0, குறைஞ்சா மைனஸ்) மைனஸ் 1.6க்கு இறங்கின மாதத்துல கிணற்று மட்டம் வழக்கம்போலவே இருந்துச்சு. ஏழு வாரம் கழிச்சு, மழை திரும்பின பிறகு, மட்டம் அடியில கிடக்கு. சென்சார் கோளாறா, கணக்கே தப்பா?

மழைமானி:
முதல்ல ஒரு வகுத்தல். 12 ஆண்டுன்னா 4,383 நாள். க்யூ90 வச்சா அதுல சுமார் 438 நாள் வரம்புக்குக் கீழ இருந்தே தீரும், அந்த 12 ஆண்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருந்தாலும். அதனால "மொத்த வறட்சி நாள்" என்ற எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. நீங்க உள்ளே போட்டதுதான் வெளியே வருது. 438ஐ 140ஆல் வகுத்தா நிகழ்வுக்கு 3 நாள். நீண்ட வறட்சிகள் துண்டு துண்டா வெட்டுப்பட்டிருக்கு.

வெட்டுறது நம்ம சிங்கப்பூர் பிற்பகல் இடிமழை. ஒரு மணி நேரம் கொட்டும், ஓடை பொங்கும், அன்றைய சராசரி வரம்பைத் தாண்டும். மறுநாள் பழைய நிலை. மண்ணுக்குள்ள எதுவும் இறங்கியிருக்காது. ஆகவே இடைவெளி 5 நாளுக்குள்ள இருந்து, அந்த இடைவெளியில மிஞ்சின நீர் முந்தைய பற்றாக்குறையில (வரம்புக்குக் குறைஞ்ச நீரில) பத்துல ஒரு பங்குக்கு மேல போகலைன்னா, இரண்டு துண்டையும் ஒன்றாகச் சேருங்க.

எண்ணில் பார்ப்போம். வரம்பு நொடிக்கு 30 லிட்டர். 12 நாள் சராசரி ஓட்டம் 22 லிட்டர்: பற்றாக்குறை 8 × 86,400 × 12, அதாவது சுமார் 8,294 கன மீட்டர். அடுத்த ஒரு நாள் மழை, ஓட்டம் 34 லிட்டர்: மிச்சம் 346 கன மீட்டர், 4 விழுக்காடுதான். பிறகு 9 நாள் 25 லிட்டர்: பற்றாக்குறை 3,888. இது 22 நாள் நீண்ட ஒரே வறட்சி. மிச்சத்தைக் கழிச்சா மொத்தப் பற்றாக்குறை 11,836 கன மீட்டர்.

இல்லாட்டி 10 நாள் நகரும் சராசரி எடுத்துட்டு வரம்போட ஒப்பிடலாம். ஆனா சராசரியை அந்த நாளை நடுவில் வச்சு எடுங்க. எக்செல்லில் பெரும்பாலும் முந்தைய 10 நாளைத்தான் எடுப்பாங்க, அப்போ தொடக்கம் நாலைந்து நாள் தள்ளிப்போகும். இரண்டு முறையையும் சேர்த்துச் செய்யாதீங்க, நடுவுல வந்த ஈரமான வாரம்கூடக் காணாமப் போயிடும். சேர்த்த பிறகும் 5 நாளுக்குக் குறைவா நிற்கிறதைத் தூக்கிடுங்க.

வீமடை:
கணக்குக்கு முன்னாடி அளவைப் பாருங்க. ஓடையில 90 பாகை வீ-வெட்டு மடை, அதாவது குறுக்கே V வடிவ வெட்டு உள்ள அளவுத் தடுப்பு, இருக்கும்னு நினைக்கிறேன். சூத்திரம்: ஓட்டம் = 1.38 × மட்டத்தின் 2.5 அடுக்கு; மட்டம் மீட்டரில், ஓட்டம் நொடிக்குக் கன மீட்டரில். மட்டம் 10 செ.மீ. என்றால் நொடிக்கு 4.4 லிட்டர். வெட்டுல இரண்டு காய்ந்த இலை சிக்கி மட்டம் 1 செ.மீ. ஏறினா கருவி 5.5 லிட்டர்னு சொல்லும். 27 விழுக்காடு பொய்! வெள்ளத்தில் ஒரு செ.மீ. பெரிசில்லை, வறட்சியில அதுவே முழுக்கதை. இலை சிக்கியிருக்கும் வரை வறட்சி மறைஞ்சிருக்கும், துடைச்ச அன்றைக்கு ஓட்டம் திடீர்னு சரியும்.

மழை இல்லாத நாள்ல ஓட்டம் மெதுவா ஏறிட்டு ஒரே நாள்ல படி இறங்கினா, பராமரிப்புக் குறிப்பேட்டோட ஒத்துப் பாருங்க. உங்க 140ல பல நிகழ்வு இப்படிப் பிறந்ததா இருக்கலாம்.

ஆழ்கிணறு:
கிணற்றில் கோளாறு இல்லாமலும் இருக்கலாம், அந்த ஏழு வாரம் இயல்புதான். வறண்ட மண் முதல்ல தன் பங்கைக் குடிக்கும், பிறகுதான் கீழே விடும். மழை திரும்பின பிறகும் நீர்மட்டம் சில வாரம் இறங்கிக்கிட்டேதான் இருக்கும்.

இருந்தாலும் சென்சாரைச் சோதிங்க. காற்றுக்குழாய் இல்லாத சென்சார் காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கும்: 1 ஹெக்டோபாஸ்கல் மாறினா 1 செ.மீ. நீர் மாதிரி காட்டும். மேலே ஒரு காற்றழுத்தமானி வச்சுக் கழிக்கணும். மாதம் ஒருமுறை அளவுநாடாவைக் கையால இறக்கி ஒத்துப் பாருங்க. கிணற்று வாயின் குழாயை யாராவது வெட்டியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ அன்றிலிருந்து எல்லா அளவும் நகர்ந்திருக்கும்.

மூன்று மாதம் என்று யார் சொன்னது? 1 முதல் 24 மாதம் வரை எஸ்பிஐ போட்டு, ஒவ்வொன்றும் கிணற்றுக் குறியீட்டோட எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குதுன்னு (ஒட்டுறவு) பாருங்க. எது உச்சமோ அதுதான் அந்தக் கிணற்றின் நினைவு. கிணற்றுக் குறியீடு சுலபம்: எல்லா ஜனவரியையும் கீழிருந்து வரிசைப்படுத்தி, இடத்தை ஆண்டு எண்ணிக்கையோட ஒன்றைக் கூட்டி வகுத்து நிகழ்தகவாக்கி, சராசரி 0 உள்ள இயல்நிலைப் பரவல் மதிப்பாக மாற்றுங்க. மற்ற மாதங்களுக்கும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை: 12 ஆண்டில் ஆகக் கீழான மாதத்தின் நிகழ்தகவு 1/13, குறியீடு மைனஸ் 1.43. அதுக்குக் கீழ போகவே முடியாது. "கடும் வறட்சி" மைனஸ் 1.5ல்தான் தொடங்குது. அந்தச் சொல் வரலைன்னு நிம்மதி அடையாதீங்க, தரவு ஆண்டுகள் போதலை, அவ்வளவுதான்.

ஓடைக்கரை:
நன்றிங்க. இலை விஷயம் சுளீர்னு பட்டுது. கடைசியா ஒண்ணு: ஆண்டு முழுக்க ஒரே வரம்பா, மாதத்துக்கு ஒண்ணா?

மழைமானி:
கேள்வியைப் பொறுத்தது. குடிநீருக்கு எடுக்க முடியுமான்னு பார்த்தா ஒரே வரம்பு. நீர் சுத்திகரிப்பு ஆலைக்கு மாதம் தெரியாது. சதுப்புக்காட்டுத் தாவரம், மீன் என்றால் மாத வரம்பு. பிப்ரவரி இங்கே இயல்பாவே வறண்டது. ஒரே வரம்பு வச்சா வருசா வருசம் பிப்ரவரி மாட்டும், 2014 தனிச்சுத் தெரியாது. அந்த ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையே இல்லாத மாதிரி. வானிலை ஆய்வகம் வறண்ட காலம்னு சொல்ல 15 நாள் போதும்.

மாத வரம்பு வச்சா 31ஆம் தேதிக்கும் 1ஆம் தேதிக்கும் நடுவுல படி விழும், அந்தப் படியே போலி வறட்சியைக் கிளப்பும். 30 நாள் நகரும் சராசரியால வரம்பைத் தேய்ச்சு மழுப்புங்க.

ஆழ்கிணறு:
இதே கணக்கை அணைக்குக் கீழே உள்ள ஆற்றுக்குப் போட்டுடாதீங்க. மேட்டூருக்குக் கீழே காவிரியில் அளந்தா வருவது மதகு திறந்த தேதி. மலேசியாவின் லிங்கியு நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஜொகூர் ஆறும் அப்படித்தான். கடல்நீர் ஏறிவராமல் தள்ள மேலிருந்து நீர் விடுறாங்க, ஆறு ஓடிக்கிட்டே இருக்கும். 2016ல் வறட்சி தெரிந்தது நீர்த்தேக்கத்தில்தான், 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அங்கே தேக்கத்தின் தினசரி இருப்பு மாற்றத்தை ஓட்டத்தோட கூட்டி, இயல்பு ஓட்டத்தை மீட்டெடுத்த பிறகே வரம்பு.