நஞ்சுக்கொடியைப் போல் தெரிந்த கட்டி

அறுவை மருத்துவர் ஒருவர்:

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கர்ப்பப்பை நார்க்கட்டிகளை (ஃபைப்ராய்டு) அகற்றியிருக்கிறேன். ஆனால் வயிற்றைத் திறந்தவுடன் என் கையை நிறுத்திய கட்டி ஒன்றே ஒன்றுதான். நாற்பதைத் தாண்டிய அந்தப் பெண் அதிக உதிரப்போக்குடனும் அடிவயிற்றில் கனத்துடனும் வந்திருந்தார். எம்.ஆர்.ஐ. அறிக்கை, சார்கோமா என்ற புற்றுநோய் இல்லையென்று உறுதி சொல்ல இயலாது என முடிந்திருந்தது.

திறந்து பார்த்தபோது கர்ப்பப்பையின் பின்சுவரிலிருந்து கருஞ்சிவப்பான திரள் ஒன்று, நீர் கோத்த சிறுசிறு முண்டுகளாகப் பிதுங்கி இடுப்புக்குழிக்குள் பரவியிருந்தது. பிரசவத்தில் வெளியேறும் நஞ்சுக்கொடியின் தாய்ப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் வருணனை தேவையில்லை. புற்று என்றே மனம் அடித்துச் சொன்னது. அந்த எண்ணத்திலேயே சூலகங்களையும் சேர்த்து எடுத்திருந்தால் அன்று அந்த அறையில் இருந்த எவரும் என்னைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

ஒரு துண்டை வெட்டி, உறைய வைத்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மென்தசைச் செல்கள்தாம், விகாரமில்லை, திசு மடிந்த இடங்களில்லை, செல் பிளவும் அரிது என்று நோயியல் மருத்துவர் தெரிவித்தார். உறைய வைத்த துண்டில் சொல்வது முதற்கட்டக் கருத்தே என்றாலும், கர்ப்பப்பையையும் திரளையும் முழுமையாக எடுத்துவிட்டுச் சூலகங்களை விட்டுவைக்க அது போதுமானதாக இருந்தது. இறுதி அறிக்கையில் வந்த பெயர் 'காட்டிலிடனாய்டு டிசெக்டிங் லியோமயோமா'; புற்றல்லாத அரிய வகை நார்க்கட்டி. காட்டிலிடன் என்பது நஞ்சுக்கொடியின் மடல். 1996இல் ராத், ரீட், ஸ்டெர்ன்பெர்க் ஆகியோர் விவரித்த இக்கட்டியை ஸ்டெர்ன்பெர்க் கட்டி என்றும் சொல்வதுண்டு. எனக்கு அதுவரை அது பாடநூலில் ஒரு படம் மட்டுமே.

மாதவிடாய் நின்ற பெண்மணி ஒருவர்:

மேலே டாக்டர் எழுதியதற்கு நேர் எதிரானது என் கதை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் வெள்ளைவெளேரென்று ஒரு கட்டி தெரிய, சூலகத்தில் டெர்மாய்டு கட்டி (கொழுப்பும் முடியும் போன்றவை கொண்ட கட்டி), உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள். நான் வேறொரு மருத்துவரையும் பார்த்தேன். கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த வெண்மை அப்படியே கறுத்துப்போயிருந்ததை அவர் இரு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். வெண்மை கொழுப்புதான்; ஆனால் சுருங்கிய சூலகங்கள் இரண்டும் கட்டியை விட்டுத் தனியே தெரிந்தன. கட்டி கர்ப்பப்பைச் சுவருக்குள் இருந்த லைப்போலியோமயோமா, அதாவது கொழுப்பு கலந்த நார்க்கட்டி. தொந்தரவு ஏதும் இல்லாததால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவாயிற்று. இப்போது ஸ்கேன் எடுத்து அளவை மட்டும் பார்த்து வருகிறோம்.