கலைச்சொல் விவாதம்: ‘ஸ்பாட்’, ‘ஃப்ளட்’ – இரவு மலைப்பாதை சைக்கிள் விளக்குகள்

வணக்கம்.

இரவில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவோருக்கான விளக்குக் கையேட்டில் ஸ்பாட் (குறுகலாக வீசும் ஒளி), ஃப்ளட் (அகலமாக வீசும் ஒளி) என்ற இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வரைவில் ‘குவிகற்றை’, ‘விரிகற்றை’ என்று இட்டிருக்கிறோம். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பஃபர் போன்ற 24 மணி நேரப் பந்தயங்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம். அது சனவரியில் நடப்பது; ஏறத்தாழ 17 மணி நேரம் இருட்டு. ஹெல்மெட்டில் ஸ்பாட், ஹேண்டில்பாரில் ஃப்ளட் என்பதே கையேட்டின் அடிப்படைப் பரிந்துரை. சொற்கள் பொருந்துகின்றனவா?

*

> வரைவில் ‘குவிகற்றை’, ‘விரிகற்றை’ என்று இட்டிருக்கிறோம்

ஐயா, இவை இரண்டும் இயற்பியலில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கின்றன. குவிகற்றை என்றால் கதிர்கள் ஒரு புள்ளியில் வந்து சேர வேண்டும். ஸ்பாட் விளக்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அதுவும் விரிந்துகொண்டேதான் போகிறது, கொஞ்சமாக. 12 பாகைக் கோணமுள்ள விளக்கு 10 மீட்டர் தொலைவில் 2 மீட்டர் அகலத்துக்கு ஒளி வீசும். 35 பாகை என்றால் 6 மீட்டருக்கு மேல். இரண்டும் தரும் மொத்த ஒளி 1,000 லூமென்தான். ஆனால் முதலாவதில் அதே ஒளி ஒன்பதில் ஒரு பங்கு பரப்பில் விழுகிறது. வேறுபாடு கோணத்தில் இருப்பதால் சொல்லும் கோணத்தைப் பிடித்து வரட்டும்.

ஃப்ளட் என்பதால் ‘வெள்ள விளக்கு’, ‘வெள்ளொளி’ என்று யாரும் தொடங்க வேண்டாம். வெள்ளொளி என்றால் வெண்மை ஒளி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ‘சிதறொளி’யும் ஆகாது, பனிமூட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘சிதறல்’ அதன் சொந்தப் பொருளில் நமக்குத் தேவைப்படும்.

*

கோணத்தைப் பிடிப்பது என்றால் ‘கூர்ங்கற்றை’ சொல்லலாம். கூர்ங்கோணம் பள்ளியிலேயே பழகிய சொல், புணர்ச்சியும் அதேதான். ஃப்ளட்டுக்குப் ‘படர்கற்றை’. ‘அகல்கற்றை’யையும் யோசித்தேன், அகல்விளக்கு குறுக்கே வந்து நிற்கிறது.

இரண்டு விளக்கும் ஏன் வேண்டும் என்பதைக் கையேடு ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. அங்கேதான் விரிவு தேவை. பாதையில் 8 மீட்டர் முன்னால் 8 செ.மீ. உயர வேர் ஒன்று கிடப்பதாக வையுங்கள். ஹேண்டில்பார் விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் வேருக்குப் பின்னால் விழும் நிழல் ஏறத்தாழ 70 செ.மீ. ஓட்டுபவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வேர் மறைப்பது 45 செ.மீ. மட்டுமே. மீதி 25 செ.மீ. நிழல் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் வேரின் உயரத்தை ஊகிக்கிறோம். ஹெல்மெட் விளக்கோ கண்ணுக்கு மேல் இருக்கிறது. அதன் நிழல் 41 செ.மீ.தான், முழுவதும் வேருக்குப் பின்னால் ஒளிந்துவிடும். பாதை சமதரைபோல் தோன்றும். ஹெல்மெட் விளக்கு மட்டும் போட்டு இறங்குபவர்கள் பள்ளத்தைக் கடைசி நொடியில் உணர்வதற்குக் காரணம் இதுதான். திருப்பத்தில் ஹேண்டில்பார் விளக்கு புதரைக் காட்டிக்கொண்டிருக்கும். தலை திரும்பும் பக்கம் ஒளியும் திரும்ப ஹெல்மெட் விளக்கு வேண்டும்.

ஆகவே படர்கற்றையை ஹெல்மெட் விளக்கைவிடப் பிரகாசமாக வையுங்கள்: ஹேண்டில்பாரில் 1,200 லூமென் என்றால் ஹெல்மெட்டில் 800 போதும். ஹெல்மெட்டில் கூடினால் நிழலை அழித்துவிடும். கூர்ங்கற்றையைத் திருப்பி அமைக்கும்போது தரையில் நிமிர்ந்து நிற்கக் கூடாது. பெடல் இரண்டும் கிடைமட்டமாக, இருக்கையைவிட்டு எழுந்து, இறக்கத்தில் நிற்கும் நிலையில் நின்று, 15–20 மீட்டர் முன்னால் பார்த்து அங்கே ஒளி விழுமாறு இறுக்க வேண்டும்.

*

> கூர்ங்கற்றை, படர்கற்றை

இரண்டுக்கும் என் ஆதரவு. ஒவ்வொரு விளக்கிலும் நடுவே தெரியும் பிரகாசமான வட்டத்துக்கு ‘நடுப்பொட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். சொன்னவுடனே புரியும்.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. விளக்கு மங்குவதற்கு இரண்டு காரணம் உண்டு, கையேடு இரண்டையும் ‘மங்குதல்’ என்றே சொல்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது காற்றோட்டம் இல்லாமல் எல்இடி சூடேறி, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஒளியைத் தானே குறைக்கும். ஓட ஆரம்பித்துக் காற்றுப் பட்டதும் மீண்டும் ஏறும். இது ‘சூட்டுமங்கல்’. பேட்டரி இறங்கியதால் மங்கினால் எவ்வளவு காற்றடித்தாலும் ஏறாது, அது ‘தீர்மங்கல்’. பிரித்துச் சொல்லாவிட்டால் சூட்டுமங்கலைக் கண்டு நல்ல பேட்டரியைக் கழற்றுவார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கும் விளக்கம் கேட்கிறது. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அமெரிக்க விளக்குத் தர முறைப்படி, தொடக்க ஒளியில் 10 விழுக்காடாக இறங்கும் வரையுள்ள நேரமே ஓட்ட நேரம். 1,000 லூமென் 100 ஆன பிறகு பாறை இறக்கத்தில் அதை நம்ப முடியாது. கணக்கு நாமே போடுவது நல்லது: 18650 என்ற அளவுள்ள லித்தியம்-அயனி மின்கலம் ஒன்று 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி, அதாவது 12.6 வாட்-மணி. நான்கு கலம் கொண்ட பேட்டரி 50 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று கொண்டால் 1,000 லூமெனுக்கு 5 மணி நேரம். உறைகுளிரில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து 4 மணி நேரம் என்று வையுங்கள். 17 மணி நேர இருட்டுக்கு ஒரே ஆள் ஓட்டினால் விளக்கு ஒன்றுக்கு ஐந்து பேட்டரி ஆகும். ஏற்றங்களில் 300 லூமெனுக்கு இறக்கினால் மூன்றில் சமாளிக்கலாம். ஹெல்மெட் விளக்கின் பேட்டரியைக் கம்பி நீட்டி முதுகுப்பையில், உடம்போடு ஒட்டி வைத்தால் குளிரும் தாக்காது, தலையிலும் பாரமில்லை.

*

நன்றி. ‘தீர்மங்கல்’ மட்டும் ‘தீர்மானம்’ போலக் காதில் விழுகிறது. ‘பேட்டரி மங்கல்’ என்றே எழுதிவிடலாம். மற்றவற்றைச் சொல்லடைவில் இப்படிச் சேர்க்கிறேன்:

கூர்ங்கற்றை: ஏறத்தாழ 10–15 பாகைக்குள் வீசும் ஒளி, ஹெல்மெட்டுக்கு. பனிமூட்டத்திலும் புழுதியிலும் சிதறி நேரே கண்ணுக்குத் திரும்பும். அப்போது அணைத்துவிட்டுப் படர்கற்றையை மட்டும் வைத்து வேகத்தைக் குறைக்கவும்.

படர்கற்றை: 25 பாகைக்கு மேல் வீசும் ஒளி, ஹேண்டில்பாருக்கு. நடுப்பொட்டு 8–10 மீட்டர் முன்னால் விழ வேண்டும். 31.8 மி.மீ., 35 மி.மீ. என இரு தடிமனில் ஹேண்டில்பார் வருவதால் பிடிப்பானை அளந்து வாங்கவும். தளர்ந்த பிடிப்பான் கல்பாதையில் விளக்கைத் தரை நோக்கிக் கவிழ்த்துவிடும்.