புதுப்பிப்பு: பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸின் முழு வரிசை வந்துவிட்டது

இந்த வைரஸின் மரபுப்பொருள் டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி என்று இரண்டு வட்டங்களாக இருக்கும். மஞ்சள் தேமல் கண்ட பாசிப்பயறு இலையில் டிஎன்ஏ-ஏ மட்டும் கிடைக்கிறது, பி எங்கே என்று முன்பு கேட்டிருந்தேன். சிலர் சொன்னபடி ஃபை29 பாலிமரேஸ் என்ற நகலெடுக்கும் நொதியை வைத்து உருள்வட்டப் பெருக்கம் (வட்ட டிஎன்ஏவைச் சுற்றிச் சுற்றி நகலெடுப்பது) செய்ததும் பி-யும் சிக்கியது. இரண்டு வட்டங்களும் தலா சுமார் 2,700 எழுத்து நீளம்.

சரி, இரண்டும் ஒரே வைரஸின் ஜோடிதானா? டிஏஏடிஏடிடிஏசி என்ற ஒன்பதெழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அது அநேகமாக எல்லா ஜெமினிவைரஸிலும் (இந்த வைரஸின் குடும்பம்) இருக்கும். பொதுப்பகுதி (ஏ, பி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டிய துண்டு) முழுதும் ஒத்துப்போய், வைரஸின் பெருக்கப் புரதம் பற்றிக்கொள்ளும் இட்டரான்களும் (திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசைகள்) இரண்டிலும் ஒன்றாகவே இருந்ததால்தான் நம்பினேன்.

இனம்? பெகோமோவைரஸுக்கு (ஜெமினிவைரஸ் குடும்பத்தில் இது சேர்ந்த பேரினம்) டிஎன்ஏ-ஏ ஒற்றுமையில் 91 சதவீதம்தான் எல்லைக்கோடு. எம்ஒய்எம்வியுடன் (பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ்) அதை நன்றாகவே தாண்டுகிறது, அதன் நெருங்கிய உறவான எம்ஒய்எம்ஐவியுடன் (பாசிப்பயறு மஞ்சள் தேமல் இந்தியா வைரஸ்) எட்டவில்லை. அடுத்து ஜென்பேங்க் என்ற பொது மரபுவரிசைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும்.