கடைசி மாதக் குறிப்பு: செவிலியர் தோழிகள் பார்த்துச் சொல்லுங்க

37 வாரம் தாண்டின கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாராகுது. பிக்மி எண் (அரசுக் கர்ப்பப் பதிவு எண்), ஸ்கேன் ரிப்போர்ட், துவைச்ச பருத்தித் துணி, பெரிய நாப்கின்னு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போற பைக்கான பட்டியல் முடிஞ்சுது. சிக்கல் வலியைப் பத்தி எழுதுறதுலதான்.

பொய் வலி பெரும்பாலும் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிடும். நிஜ வலி பெரும்பாலும் இடுப்புல ஆரம்பிச்சு முன்வயித்துக்கு வந்து, நெருங்கிக்கிட்டே போகும். தலைப்பிரசவம்னா 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் நீடிச்சா கிளம்பணும்னு போட்டிருக்கு. பனிக்குடம் உடைஞ்சா வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. நேரத்தையும் நிறத்தையும் குறிச்சுக்கணும். பச்சையா வந்தா குழந்தை உள்ளேயே மலம் கழிச்சிருக்கலாம். அசைவு குறைஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிதான். (வலி வரட்டும்னு விளக்கெண்ணெய் குடிச்சா வயித்துப்போக்கு வரலாம், அதையும் சேர்த்தாச்சு.)

இரண்டாம் பிரசவக்காரங்க, மலைக்கிராமத்துல இருக்கறவங்க: இவங்களை எப்போ கிளம்பச் சொல்றீங்க? பிரசவக் காத்திருப்பு அறைக்கு (தேதிக்கு முன்னாடியே வந்து தங்குற இடம்) எத்தனை நாள் முன்னாடி அனுப்புறீங்க?